ஜான் போஸ்டல்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் (ஆகஸ்ட் 6, 1943 – அக்டோபர் 16, 1998) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். ஜான் போஸ்டல் என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படும் இவர், இணையத்தின் தோற்றத்திலும் வளர்ச்சியிலும் பெரும்பங்கு ஆற்றியவர். இணையத்தில் பயன்படும் எண்களும் பெயர்களும் ஒன்றோடொன்று மோதாதவாறு அவற்றைப் பங்கிட்டுப் பதிவு செய்யும் பணியை 1970களின் தொடக்கத்திலிருந்து தம் மறைவு வரை இவர் மேற்கொண்டிருந்தார். இப்பணியே பின்னர் இணைய ஒதுக்கீட்டு எண்கள் ஆணையம், சுருக்கமாக ஐயானா, என்று பெயர் பெற்றது. இன்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினிகளில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரிகள் காணப்படுவதற்கும் இவரது பொறுப்பிலிருந்த அப்பதிவேடே அடிப்படையாகும்.

இளமையும் கல்வியும்

போஸ்டல் கலிபோர்னியா மாநிலத்தின் ஆல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வேன் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் இணையத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்களாகக் கருதப்பட்ட விண்டன் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் ஆகியோரும் அதே பள்ளியின் மாணவர்களே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1966இல் இளநிலைப் பட்டமும் 1968இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கணினித் தொடர்பு நெறிமுறைகளை வரைபடக் கோட்பாட்டின் வழியாக ஆராய்ந்து 1974இல் முனைவர் பட்டம் பெற்றார்.

மாணவராக இருந்தபோதே, பேராசிரியர் லியோனார்டு கிளைன்ராக் தலைமையில் இயங்கிய வலையமைப்பு அளவீட்டு மையத்தில் பணியாற்றினார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் உருவான அர்ப்பாநெட் வலையமைப்பின் முதல் கணு 1969இல் இம்மையத்தில்தான் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஸ்டீவ் கிராக்கர், வலையமைப்பு பற்றிய கருத்துகளைத் தம்முள் பகிர்ந்துகொள்வதற்காக எண்ணிடப்பட்ட ஒரு குறிப்புத் தொடரைத் தொடங்கினார். ஆர்.எஃப்.சி. எனப்படும் இத்தொடரின் பதிப்பாசிரியர் பொறுப்பு விரைவில் போஸ்டலிடம் வந்து சேர்ந்தது. தம் இறுதிக் காலம் வரை அப்பொறுப்பை அவர் விடவில்லை. தொடரில் 200க்கும் மேற்பட்ட ஆவணங்களை அவர் தாமே எழுதியோ பிறருடன் இணைந்து எழுதியோ உள்ளார்.

எண்களின் பதிவாளர்

இரு கணினிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டுமாயின், எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில் அவற்றிற்கு முன்கூட்டியே உடன்பாடு இருத்தல் வேண்டும். கோப்பு மாற்றத்திற்கு ஒரு நிறுவனம் ஓர் எண்ணையும் மற்றொரு நிறுவனம் வேறோர் எண்ணையும் பயன்படுத்தினால் தொடர்பே ஏற்படாது. 1972 மே மாதம் வெளியான 349ஆம் ஆர்.எஃப்.சி.யில் போஸ்டல் இச்சிக்கலை எடுத்துக்காட்டி, எண்களை வழங்க ஒருவர் மட்டுமே பொறுப்பாக இருக்க வேண்டும் எனவும், அப்பொறுப்பைத் தாமே ஏற்கலாம் எனவும் முன்மொழிந்தார். எவரும் மறுக்கவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே முதல் பட்டியல் வெளிவந்தது.

இதற்கெனச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை, தேர்தலும் நடைபெறவில்லை. எண் தேவைப்பட்டவர்கள் போஸ்டலுக்கு எழுதினர். அவர் வழங்கிய எண்ணை ஏனையோர் ஏற்றுக்கொண்டனர். அவரது அதிகாரம் அனைத்தும் இந்த ஏற்பிலேயே அடங்கியிருந்தது. பின்னாளில் எழுந்த சர்ச்சைகளைப் புரிந்துகொள்ள இதனை மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.

சில நிறுவனங்களில் குறுகிய காலம் பணியாற்றிய பின், 1977 மார்ச்சில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இறக்கும் வரை அங்கேயே பணிபுரிந்தார். ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்பவர் அங்கு எண் ஒதுக்கீட்டிலும் ஆர்.எஃப்.சி. பதிப்பிலும் பல ஆண்டுகள் அவருடன் இணைந்து உழைத்தார். நீண்ட தாடியும் எளிய உடையும் கொண்டிருந்த போஸ்டல், மலையேற்றத்தில் மிகுந்த ஈடுபாடு உடையவர்.

இணைய நெறிமுறையும் முகவரியும்

1981 செப்டம்பரில் இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு 791ஆம் ஆர்.எஃப்.சி.யாகவும், செலுத்தக் கட்டுப்பாட்டு நெறிமுறையான டி.சி.பி. 793ஆம் ஆர்.எஃப்.சி.யாகவும் வெளியாயின. இரண்டையும் பதிப்பித்தவர் போஸ்டல். மின்னஞ்சல் அனுப்பப் பயன்படும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை 1982இல் அவரே எழுதினார். அர்ப்பாநெட் முழுவதும் 1983 சனவரி 1 அன்று புதிய நெறிமுறைக்கு மாறியது. அம்மாற்றத்திற்கான திட்டத்தையும் வரைந்தவர் அவரே. அனுப்பும்போது விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுதல், பெறும்போது பிறரது சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுதல் என்ற பொருள்பட அவர் வகுத்த வழிகாட்டுதல் மென்பொருளாளர்களிடையே போஸ்டல் விதி என்று அறியப்படுகிறது.

நான்காம் பதிப்பின்படி ஒரு முகவரி 32 பிட்டுகளால் ஆனது. படிப்பதற்கு எளிதாக இது எட்டு எட்டு பிட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களாக எழுதப்படுகிறது. எட்டு பிட்டுகளால் 0 முதல் 255 வரையிலான எண்களையே குறிக்க இயலும். எனவே 192.168.1.25 என்பது முறையான முகவரி, 192.168.1.256 என்பது முகவரியே அன்று. மூன்று எண்களோ ஐந்து எண்களோ கொண்ட வடிவங்களும் வழக்கமான எழுத்து முறையில் ஏற்கப்படுவதில்லை. இவ்வகையில் கிடைக்கும் மொத்த முகவரிகள் 429,49,67,296 ஆகும். அதாவது ஏறத்தாழ 430 கோடி.

வடிவம் முறையாக இருப்பதனாலேயே ஒரு முகவரியை ஒரு கணினிக்கு வழங்கிவிட முடியாது. 127 என்று தொடங்குபவை, கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்வதற்கு உரியவை. 224 முதல் 239 வரை தொடங்குபவை ஒரே நேரத்தில் பல கணினிகளுக்குச் செய்தி அனுப்புவதற்கும், 240 முதல் தொடங்குபவை எதிர்காலத் தேவைக்கும் ஒதுக்கப்பட்டன. இவற்றுள் இறுதியான 255.255.255.255 உள்வலையமைப்பிலுள்ள அனைத்துக் கணினிகளையும் ஒருசேர அழைக்கும் முகவரியாகும்.

791ஆம் ஆர்.எஃப்.சி. வெளியான அதே மாதத்தில், எந்த வலையமைப்புக்கு எந்த எண் என்பதைக் காட்டும் பட்டியலைப் போஸ்டல் 790ஆம் ஆர்.எஃப்.சி.யாக வெளியிட்டார். வலையமைப்புகள் அப்போது மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் வகுப்பில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.67 கோடி முகவரிகளையும், இரண்டாம் வகுப்பில் 65 ஆயிரத்திற்கும் சற்று மேற்பட்ட முகவரிகளையும், மூன்றாம் வகுப்பில் 254 கணினிகளுக்கான முகவரிகளையும் கொண்டிருந்தன. 300 கணினிகள் உடைய நிறுவனத்திற்கு மூன்றாம் வகுப்பு போதாது. இரண்டாம் வகுப்பைக் கொடுத்தால் 65 ஆயிரம் முகவரிகள் வீணாகும். இணையம் சில நூறு வலையமைப்புகளாக இருந்த காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 18 என்று தொடங்கும் முதல் வகுப்பு வலையமைப்பு முழுவதையும் தானே வைத்திருந்தது. அதில் பாதியை விற்பதாக 2017இல்தான் அறிவித்தது. அப்பழைய பட்டியலில் 10 என்ற எண் அர்ப்பாநெட்டுக்கு உரியதாக இருந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

தனிப்பட்ட முகவரிகள்

1990களின் தொடக்கத்தில் முகவரிகள் விரைவில் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. வகுப்பு முறையைக் கைவிட்டு, தேவைக்கேற்ற அளவில் முகவரித் தொகுதிகளை வழங்கும் முறை 1993இல் அறிமுகமானது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரே இடத்தில் கையாள்வது இயலாமற் போனதால், பெரிய தொகுதிகளை வட்டாரப் பதிவகங்களுக்கு வழங்கி அவை தத்தம் பகுதியில் பங்கிடும் ஏற்பாட்டிற்கு ஐயானா மாறியது. ஐரோப்பாவுக்கான பதிவகம் 1992இலும் ஆசிய–பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் 1993இலும் தொடங்கப்பட்டன. இந்தியாவும் இலங்கையும் ஏப்நிக்கின் எல்லைக்குள் வருவன.

இதே காலத்தில் மற்றொரு கேள்வியும் எழுந்தது. ஒரு தொழிற்சாலையின் உள்ளே மட்டும் பேசிக்கொள்ளும் கணினிகளுக்கு உலகெங்கும் தனித்து விளங்கும் முகவரி எதற்கு? 1994 மார்ச்சில் வெளியான 1597ஆம் ஆர்.எஃப்.சி., மூன்று முகவரித் தொகுதிகளை ஐயானா எவருக்கும் வழங்காமல் ஒதுக்கி வைத்துள்ளதாக அறிவித்தது. 10.0.0.0 முதல் 10.255.255.255 வரையிலான 1,67,77,216 முகவரிகள் முதல் தொகுதி. அர்ப்பாநெட் 1990இல் மூடப்பட்டதால் அதன் எண் உரிமையாளரின்றி இருந்தது; அதுவே இவ்வாறு பொதுவுக்கு வந்தது. 172.16.0.0 முதல் 172.31.255.255 வரையிலான 10,48,576 முகவரிகள் இரண்டாம் தொகுதி. 192.168.0.0 முதல் 192.168.255.255 வரையிலான 65,536 முகவரிகள் மூன்றாம் தொகுதி. இரண்டாம் தொகுதியின் எல்லையைப் பலரும் தவறாக எண்ணுவதுண்டு, 172.32 என்று தொடங்கும் முகவரி இத்தொகுதியைச் சேர்ந்ததன்று.

இம்முகவரிகளை எவரும் அனுமதி கேட்காமல் தம் உள்வலையமைப்பில் பயன்படுத்தலாம். ஆனால் இவற்றைத் தாங்கிய பொதிகள் பொது இணையத்தில் செல்லக் கூடாது. எடுத்துக்காட்டாக, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழிலை நோக்கலாம். ஆம்பூரில் உள்ள ஒரு தோல் பதனிடும் ஆலை, தன்னிடம் வரும் தோல்களுக்குத் தன் வசதிப்படி லாட் எண் இடுகிறது. அதே எண்ணை வாணியம்பாடியில் உள்ள மற்றோர் ஆலையும் இட்டிருக்கலாம். அதனால் குழப்பம் ஏதுமில்லை, ஏனெனில் அவ்வெண் ஆலையின் வாயிலைத் தாண்டிப் பொருள் தருவதில்லை. ஆனால் சரக்கை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கையில் நடுவண் அரசு வழங்கும் ஏற்றுமதியாளர் குறியீட்டெண் தேவை. அது இந்தியா முழுவதிலும் ஒருவருக்கு மட்டுமே உரியது. தனிப்பட்ட முகவரிக்கும் பொது முகவரிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுவே. ஆம்பூர் ஆலையின் கணக்குப் பிரிவுக் கணினியும் வேலூரில் உள்ள ஒரு மருத்துவமனைக் கணினியும் ஒரே நேரத்தில் 192.168.1.10 என்ற முகவரியைக் கொண்டிருக்கலாம்.

அவ்வாறாயின் ஆலையின் கணினி வெளியுலகுடன் எவ்வாறு தொடர்பு கொள்கிறது என்ற கேள்வி எழும். வாயிலில் உள்ள திசைவி, அதாவது ரவுட்டர், வெளியே செல்லும் ஒவ்வொரு பொதியிலும் உள்முகவரியை நீக்கித் தன் பொது முகவரியைப் பொறிக்கிறது. எந்தக் கணினிக்காக அனுப்பினோம் என்பதை ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொண்டு, மறுமொழி வந்ததும் உரிய கணினிக்குத் திருப்புகிறது. நாட் எனப்படும் இம்முகவரி மாற்று முறை 1994 மே மாதம் 1631ஆம் ஆர்.எஃப்.சி.யில் விளக்கப்பட்டது. இதனால் ஒரே ஒரு பொது முகவரியின் பின்னால் நூற்றுக்கணக்கான கணினிகள் இயங்க முடிகிறது. இதைப் பாதுகாப்பு அரணாகச் சிலர் கருதினாலும், முறையான தடுப்பு விதிகளுக்கு இது மாற்றாகாது.

1597ஆம் ஆவணத்திற்கு உடனடியாக எதிர்ப்புக் கிளம்பியது. 1994 சூலையில் வெளியான 1627ஆம் ஆர்.எஃப்.சி., ஒவ்வொரு முகவரியும் உலகில் ஒன்றே ஒன்றாக இருத்தல் வேண்டும் என்ற அடிப்படையையே இவ்வொதுக்கீடு தகர்ப்பதாக வாதிட்டது. 10 என்ற எண்ணைப் பயன்படுத்தும் இரு நிறுவனங்கள் பின்னாளில் இணைந்தால் கணினிகள் அனைத்திற்கும் மீண்டும் எண்ணிட நேரும் என்று அது எச்சரித்தது. நிறுவன இணைப்புகளில் இன்றும் வலையமைப்புப் பொறியாளர்கள் சந்திக்கும் தொல்லை இதுவே என்பதால், அவ்வெச்சரிக்கை பொய்க்கவில்லை என்றே கூற வேண்டும். அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு நடைமுறை பற்றியது. வழக்கமான பொது ஆய்வும் ஒப்புதலும் இன்றி இப்பரிந்துரையை வெளியிட்டதன் மூலம் ஐயானா தன் எல்லையை மீறிவிட்டது என்று அவ்வாவணம் கூறியது. ஐயானா என்பது நடைமுறையில் போஸ்டலே. அவ்வெதிர்ப்பு ஆவணத்தை வெளியிட்ட ஆர்.எஃப்.சி. தொடரின் பதிப்பாசிரியரும் அவரே. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான டேவ் கிராக்கர், ஸ்டீவ் கிராக்கரின் உடன்பிறந்தவர்.

விவாதத்தின் முடிவில், 1996 பிப்ரவரியில் 1918ஆம் ஆர்.எஃப்.சி. வெளியிடப்பட்டது. எதிர்த்தவர்களுள் ஒருவரான எலியட் லியர் இதன் இணையாசிரியராக இடம்பெற்றார். அதே மூன்று தொகுதிகள் அப்படியே நீடித்தன. அவற்றின் குறைகளும் வெளிப்படையாக எழுதப்பட்டன. இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது இவ்வாவணமே.

ஆள்களப் பெயர்கள்

எண்களைப் போலவே பெயர்களும் போஸ்டலின் பொறுப்பில் இருந்தன. மேல்நிலை ஆள்களங்கள் எவை என்பதை வரையறுக்கும் ஆவணத்தை 1984இல் ரெனால்ட்ஸுடன் இணைந்து எழுதினார். நாடுகளுக்கான ஈரெழுத்துக் குறியீடுகளுக்கு, பன்னாட்டுத் தர நிறுவனம் முன்பே வெளியிட்டிருந்த 3166ஆம் தரப் பட்டியலை அவர் அப்படியே ஏற்றார். எது நாடு, எது நாடன்று என்பதை முடிவு செய்வது ஐயானாவின் வேலையன்று என்பதை 1994இல் வெளியான 1591ஆம் ஆர்.எஃப்.சி. தெளிவாக்கியது. பெரும் அரசியல் பூசல்களிலிருந்து இணையத்தைக் காத்த முடிவுகளுள் இதுவும் ஒன்றாகும்.

இந்தியாவுக்கான .இன் ஆள்களம் 1989இலும் இலங்கைக்கான .எல்கே ஆள்களம் 1990இலும் இவ்வகையில் பதிவாயின. இந்தியாவில் அப்போது பொதுமக்களுக்கான இணையச் சேவை இல்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைத்த எர்நெட் வலையமைப்பே இயங்கிவந்தது. பொதுமக்களுக்கான சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

1998 சனவரி நிகழ்வு

1990களின் நடுப்பகுதியில் இணையம் வணிகக் களமாக மாறியது. ஆள்களப் பெயர்களைப் பதிவு செய்யும் உரிமை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனத்திடம் அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ் இருந்தது. பெயர்களின் தலைமைப் பட்டியலைத் தாங்கிய முதல் வேர் வழங்கியும் அந்நிறுவனத்திடமே இருந்தது. மற்ற 12 வேர் வழங்கிகள் அதனைப் படியெடுத்து வந்தன. இவ்வமைப்பின் எதிர்காலம் குறித்து அரசுக்கும் இணையத் தொழில்நுட்பச் சமூகத்திற்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியிருந்தது.

1998 சனவரி 28 அன்று போஸ்டல், அந்த 12 வழங்கிகளுள் எட்டின் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, தலைமைப் பட்டியலை இனி ஐயானாவின் வழங்கியிலிருந்து பெறுமாறு கேட்டுக்கொண்டார். எண்மரும் அவ்வாறே செய்தனர். ஊதிய உறவோ சட்டக் கட்டாயமோ இல்லாத நிலையிலும் ஒருவரது ஒரு மின்னஞ்சலுக்கு அவர்கள் இசைந்தது, போஸ்டல் பெற்றிருந்த நம்பிக்கையின் அளவைக் காட்டுகிறது. அதே நிகழ்வு, உலகு முழுவதும் சார்ந்திருக்கும் ஓர் அமைப்பு ஒரு தனிமனிதரின் முடிவில் தங்கியிருப்பதன் ஆபத்தையும் காட்டியது. பயனர்கள் எவரும் மாற்றத்தை உணரவில்லை. இணையம் தடைப்படவும் இல்லை. எனினும் அமெரிக்க அரசின் உயர் அலுவலர்கள் வற்புறுத்தியதைத் தொடர்ந்து பழைய நிலை மீட்கப்பட்டது. இது ஒரு சோதனையே என்று போஸ்டல் விளக்கமளித்தார். இதனை அரசுக்கு விடுத்த அறைகூவலாகவே பலர் இன்றும் கருதுகின்றனர்.

சில நாட்களிலேயே, பெயர்கள் மற்றும் எண்களின் நிருவாகம் குறித்த தன் முன்மொழிவை அமெரிக்க அரசு வெளியிட்டது. அவ்வாண்டு சூன் மாதம் அரசின் இறுதிக் கொள்கை அறிக்கை வெளியாயிற்று. ஐயானாவின் பணிகளை ஏற்பதற்காக ஐகான் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் 1998 செப்டம்பர் இறுதியில் கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்டது. அதனை வடிவமைப்பதில் போஸ்டல் தீவிரமாக ஈடுபட்டிருந்தார். தாம் இல்லாமலும் பதிவேடு நடைபெற வேண்டும் என்பதற்கான ஏற்பாடாகவே அது அமைந்தது.

மறைவும் பின்னரும்

ஐகான் பதிவாகி மூன்று வாரங்கள் நிறைவதற்குள், 1998 அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்த சிக்கல்களால் போஸ்டல் தம் 55ஆம் அகவையில் காலமானார். விண்டன் செர்ஃப் எழுதிய நினைவுக் குறிப்பு, போஸ்டல் பதிப்பித்த அதே தொடரில் 2468ஆம் ஆர்.எஃப்.சி.யாக வெளியிடப்பட்டது. இணையச் சங்கம் அவர் பெயரில் 1999 முதல் ஒரு விருதை வழங்கிவருகிறது. முதல் விருது போஸ்டலுக்கே அவரது மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. 2012இல் இணையப் புகழ் மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார்.

ஐயானாவிடம் எஞ்சியிருந்த நான்காம் பதிப்பு முகவரித் தொகுதிகளில் இறுதி ஐந்தும் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்தளிக்கப்பட்டன. 128 பிட்டுகள் கொண்ட ஆறாம் பதிப்பு பரவிவருகிறது. எனினும் தனிப்பட்ட முகவரிகளின் பயன்பாடு குறையவில்லை. இந்தியாவில் முகவரிகளை வழங்குவதற்கென ஐரின் என்னும் தேசியப் பதிவகம் 2012இல் தொடங்கப்பட்டது. தமிழ் எழுத்திலேயே அமைந்த .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய மேல்நிலை ஆள்களங்கள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஐயானாவின் வேர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்பட்டியல் மீதான அமெரிக்க அரசின் ஒப்பந்தவழி மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது.